ஐப்பசி ஒண்ணுக்கு முந்தின ராத்திரி

பால் சங்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்:
ஐப்பசி ஒன்று முதல் கார்த்திகை முடிய
வாய்க்கால் கரையிலிருந்து நூறு அடிக்குள்
சாணக் கரைசல் ஊற்றக் கூடாது.
மீறினால் இரண்டாயிரம்.
தலைவர் கையெழுத்தின் மேல்
யாரோ விரலில் மிஞ்சிய
வெற்றிலைச் சுண்ணாம்பைத் துடைத்திருந்தார்கள்.

எனக்குப் பதினெட்டு மாடு.
தொழுவம் கழுவுகிற தண்ணீரும் சேர்த்தால்
மாட்டுக்கு நாற்பது லிட்டர்.
குழி இருபதாயிரம் கொள்ளும்.
கேனோடு வரிசையில் நின்று விரல் மடக்கினேன்.
இருபத்தேழு நாள்.
தடை அறுபது நாள்.
மிச்ச நாளுக்கு
மாட்டிடம் போய் நோட்டீசைக் காட்டவா?

‘என்ன மயினி, தனக்குத்தானே பேசிக்கிடுதிய?’
டேங்கர் ஓட்டுகிற குற்றாலிங்கம்.
‘இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும்
சட்டம் இல்லல்லா.
நடைக்கு அறுநூறு. நான் வாரேன்.’

எட்டு மணிக்கு வருகிறேன் என்றவன்
பத்தரைக்கு வந்தான்.
அதற்குள் ஏழு குழி முடித்திருந்தான்.
ஊரே ஒரே கணக்கைப் போட்டிருக்கிறது,
ஒரே விடை வந்திருக்கிறது.

கார் அறுத்த தாளின் மேல் குழாய் திறந்தது.
இருட்டில் கறுப்பு தெரியவில்லை,
சத்தம்தான்.
ஊரளவு பெரிய மாடு ஒன்று
நின்றபடி ஒன்றுக்குப் போகிற சத்தம்.
மேற்கே மலைப்பக்கம் மின்னியது.
பார்த்தேன்.
பார்க்கவில்லை என்றுதான்
பிறகு தலைவரிடம் சொன்னேன்.

கடைசி நடை பதினொன்று ஐம்பதுக்கு.
ஒன்றேகாலுக்கு ஓட்டில் முதல் துளி.
அப்புறம் துளி இல்லை,
மானம் அப்படியே இறங்கியது.
படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்,
வரப்பு உடைகிறதை.

விடிந்தபோது வாய்க்காலில்
ஆறிப்போன கடுங்காப்பி நிறம்.
மடைக்கல் பக்கம் கெண்டைக்குஞ்சுகள்
வாயை மேலே வைத்துக் காற்றைத் தின்றன.
ஆற்றுக்குள் உறைகிணற்று மோட்டாரை
மாசானமுத்து நிறுத்திவிட்டான்.
ஆட்டோவில் மைக் போனது:
குழாய்த் தண்ணியக் குடிக்காதிய,
கொதிக்க வச்சும் குடிக்காதிய.

மழை விட்ட நேரம்
வாய்க்காலில் கோரித் தொட்டியை நிரப்பினேன்.
செம்பி வந்தது, முகர்ந்தது,
மூக்கை நக்கிக்கொண்டு தலையை எடுத்துவிட்டது.
அது போட்டதுதான்.
அதற்கே வேண்டாம்.

மூன்றாம் நாள் கூட்டம்.
தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்:
மீறல் ஏதும் இல்லை.
உண்மைதான்.
பன்னிரண்டுக்குப் பிறகு
ஒரு சொட்டுகூட யாரும் ஊற்றவில்லை.

எழுந்து சொன்னேன்:
‘தேதியப் பாத்து ஊத்துனோம்.
மானத்தயும் மண்ணயும் பாத்தால்லா ஊத்தணும்.
ஈர மண்ணு குடிக்காது.
மழைக்கு ரெண்டு நாள் முந்தி ஊத்தினா
அது வயலுக்கு ஊத்தினது இல்ல, ஆத்துக்கு ஊத்தினது.’
‘சரி மயினி, மானத்த யார் பாக்க?
குழி ரொம்பினா எங்க வைக்க?’
தலைவர் கேட்டது நியாயம்.
என்னிடம் பதில் இல்லை.

எட்டு ஊருக்கும் சேர்த்துப்
பொதுக்குழி ஒன்று வெட்டலாம் என்று முடிவாயிற்று.
யார் நிலத்தில் என்பது
அடுத்த கூட்டத்துக்குப் போனது.
அடுத்த கூட்டம் மழையால் நடக்கவில்லை.

இன்று ஐப்பசி பத்தொன்பது.
குழிக்குள் மூங்கில் கம்பு விட்டுப் பார்த்தேன்.
மேலே ஒரு முழம் காய்ந்திருந்தது.
ஓலைக்கூரை போட்டு மழைத்தண்ணீரைத் தடுத்தால்
எட்டு நாள் வரும்.
குற்றாலிங்கம் போனில் கூப்பிடுகிறான்,
எடுக்கவில்லை.
வெளியே இன்னும் பெய்கிறது.
தொழுவத்தில், கண்ணை மூடி அசைபோட்டபடி
செம்பி வாலைத் தூக்குகிறது.